12 கட்டமும் தலைகீழாகத் தெரியும், வாயைத் திறந்தால் ‘டிட் யூ ரிசீவ்ட்?’

புதுநோட்டு கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 41. குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது விட்ட வேலையை 9 வருடம் கழித்துத் திரும்பத் தேடுகிறேன். கணக்கு எழுதுவதில் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் ஆங்கிலத்தில் பேசுவதில்தான்.

அதனால் ஜனவரியிலிருந்து ஒழுங்காகப் படிக்கிறேன். 80 பக்க நோட்டு ஒன்று போட்டு, பக்கத்துக்கு ஒரு வெர்ப். மேலே பாஸ்ட், பிரசன்ட், ஃபியூச்சர். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். மொத்தம் 12 கட்டம். எல்லாமே ரெகுலர் வெர்ப்தான். ‘கோ, வென்ட், கான்’ வகையறா பக்கம் இன்னும் போகவே இல்லை. வாக், வாஷ், ஓபன், ஃபினிஷ், வெயிட் என்று இதுவரை 46 பக்கம் ஆகிவிட்டது. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ‘ஐ ஹாட் பீன் வாக்கிங்’ என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் படுப்பேன்.

போன வாரம் போனில் ஒரு இன்டர்வியூ வந்தது. 10 நிமிடம்கூட இருக்காது. முடித்துவிட்டு வெளியே வந்தால் என் பெண் கையில் ஒரு துண்டுக் காகிதம். நான் செய்த தப்பையெல்லாம் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக் குறித்திருக்கிறாள். உதவியாக நினைத்துத்தான் செய்தாள், திட்டவும் மனம் வரவில்லை. அதில் இருந்தது இதுதான்: ‘டிட் யூ ரிசீவ்ட் மை மெயில்?’ என்று கேட்டேனாம். ‘டஸ் த ஷிஃப்ட் ஸ்டார்ட்ஸ் அட் நைன்?’ என்றேனாம். அன்றாடம் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு ‘ஐ வில் வாக் எவ்ரி மார்னிங்’. கடைசியாக ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப் சின்ஸ் ஜனவரி’.

எழுத்தில் பார்த்ததும் முதல் இரண்டும் தப்பு என்று எனக்கே தெரிந்தது. மற்ற இரண்டும் இப்போதும் சரியாகத்தான் தோன்றுகின்றன. என் சந்தேகம் என்னவென்றால், இந்த நாலுக்கும் பதில் என் 12 கட்டத்திலேயே இருந்திருக்க வேண்டாமா? மீதி 34 பக்கத்தையும் நிரப்பட்டுமா, இல்லை மூடி வைத்துவிடட்டுமா?


மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

அக்கா, மூடாதீர்கள். 12 கட்டம் போதாது, அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு கட்டத்துக்கும் இல்லை என்று சொல்லும் வாக்கியம், கேள்வி வாக்கியம் இரண்டையும் சேருங்கள். ஒரு வெர்ப்புக்கு 36 வரும். தினம் 5 வெர்ப். நான் போட்டித் தேர்வுக்கு இப்படித்தான் படித்தேன், இலக்கணப் பகுதியில் ஒரு மார்க்கூடப் போகவில்லை. உங்கள் நோட்டில் கேள்வி வாக்கியம் இல்லாததால்தான் ‘டிட்’ வந்த இடத்தில் உதைத்திருக்கிறது.


சிவப்புமை எழுதியது:

தம்பி நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், மருந்துதான் கொஞ்சம் அதிகம். கேள்வி வாக்கியம் பழகாததுதான் காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 36 கட்டம் போட்டால் தேர்வில் டிக் அடிக்க உதவும். போனில் எதிராளி காத்திருக்கும்போது 36 கட்டத்தில் எதைத் தேடுவது? 30 வருடம் அச்சுக்குப் போகும் தாள்களில் பிழை திருத்தியவன், அப்புறம் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் என் யோசனையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நோட்டில் ‘வாக்’ பக்கத்தைத் திறந்து, அதில் இருக்கும் ஹாவ், ஹாஸ், ஹாட், வில், வாஸ், பீன் எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது? வாக், வாக்ஸ், வாக்கிங், வாக்ட். நாலே நாலு. 46 பக்கத்தில் 552 கட்டம் நிரப்பியிருக்கிறீர்கள், வெர்ப்புக்கென்று பார்த்தால் 184 உருவங்கள்தான். மீதி எல்லாம் அதே துணைவினைகள் திரும்பத் திரும்ப வருவது. ஒரு ரெகுலர் வெர்ப்பைத் தெரிந்துகொண்டால் எல்லா ரெகுலர் வெர்ப்பும் தெரிந்த மாதிரி என்பது இதனால்தான். 47ஆவது பக்கம் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நம் ‘நட’வைப் பாருங்கள். நடந்தேன், நடந்தோம், நடந்தாய், நடந்தீர்கள், நடந்தான், நடந்தாள், நடந்தார், நடந்தார்கள், நடந்தது, நடந்தன. இறந்தகாலத்துக்கு மட்டும் 10. இந்தப் 10க்கும் ஆங்கிலத்தில் ஒரே ‘வாக்ட்’. நாம் ‘நடந்தேன்’ என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு போய்விடுவோம். அவர்களுக்கு ‘ஐ’ இல்லாமல் நகராது, ஏனென்றால் நடந்தது யார் என்று வெர்ப் காட்டிக்கொடுப்பதில்லை. நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வந்தால் மட்டும் ஒரு எஸ். முன்பு அங்கேயும் விகுதிகள் இருந்தன. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் ‘நீ’ என்பதற்கு ‘எஸ்ட்’, ‘அவன், அவள்’ என்பதற்கு ‘எத்’ என்று வெர்ப்பின் வாலில் ஒட்டியிருப்பதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். ‘எஸ்ட்’ உதிர்ந்துவிட்டது. ‘எத்’ இருந்த இடத்தில் எஸ் வந்து உட்கார்ந்தது. அந்தக் குடும்பத்தில் மிஞ்சிய ஒரே வாரிசு அது. எதிர்காலத்துக்கோ வெர்ப்புக்குத் தனி உருவமே கிடையாது. ‘வில்’லை முன்னால் நிறுத்திச் சமாளிக்கிறார்கள்.

இப்போது உங்கள் முதல் இரண்டு தப்புக்கு வருகிறேன். ‘நடந்துகொண்டிருந்தேன்’ என்பதைப் பிரியுங்கள்: நடந்து, கொண்டு, இருந்தேன். காலமும் ஆளும் எங்கே இருக்கின்றன? கடைசியில், ‘இருந்தேன்’ என்பதில். ‘நடந்துகொண்டிருக்கிறாள்’, ‘நடந்துகொண்டிருப்போம்’ என்று எப்படி மாற்றினாலும் முன்னால் நிற்கும் ‘நடந்துகொண்டு’ அசையாது. கடைசிச் சொல்தான் மொத்தச் சுமையையும் தூக்குகிறது.

ஆங்கிலத்தில் அதே ஏற்பாடு, வரிசை மட்டும் தலைகீழ். அங்கே சுமை தூக்குவது முதல் சொல். ‘ஐ வாஸ் வாக்கிங்’ என்றால் காலமும் ஆளும் ‘வாஸ்’ மேல். ‘ஷி ஹாஸ் பீன் வாக்கிங்’ என்றால் ‘ஹாஸ்’ மேல் மட்டும். பின்னால் வரும் ‘பீன்’, ‘வாக்கிங்’ இரண்டும் ஐ, ஷி, தே யார் வந்தாலும் மாறாது. முதல் ஆள் தூக்கிவிட்டால் அடுத்தவர் கை வைக்கக் கூடாது. ‘டிட் யூ ரிசீவ்ட்’டில் ‘டிட்’ ஏற்கெனவே இறந்தகாலத்தைத் தூக்கிவிட்டது, அதனால் ‘ரிசீவ்’ வெறும் ‘ரிசீவ்’. ‘டஸ்’ஸில் அந்த எஸ் ஏறிக்கொண்டது, அதனால் ‘ஸ்டார்ட்’ வெறும் ‘ஸ்டார்ட்’. நாம் யாரும் ‘நடந்தேன் கொண்டேன் இருந்தேன்’ என்று சொல்வதில்லையே? ஆங்கிலம் பிறந்ததிலிருந்து பேசுகிறவர் காதில் ‘டிட் யூ ரிசீவ்ட்’ அப்படித்தான் விழும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ‘ஐ ஹாவ் வாக்ட்’ என்பதில் ஹாவ் முதலில் வந்த பிறகும் ‘வாக்ட்’ இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த ‘வாக்ட்’ இறந்தகாலம் இல்லை. அது நம் ‘நடந்து’ மாதிரி ஒரு எச்சம். ‘நடந்து இருக்கிறேன்’ என்பதைக் கண்ணாடியில் காட்டினால் ‘ஹாவ் வாக்ட்’. ரெகுலர் வெர்ப்பில் இரண்டுக்கும் ஒரே முகம் என்பதால் வித்தியாசம் தெரிவதில்லை. ‘வென்ட்’, ‘கான்’ என்று இரண்டும் பிரிந்து நிற்கும் இடத்துக்குப் போகும்போது உங்களுக்கே பளிச்சென்று தெரியும்.

மூன்றாவது வாக்கியம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது சுத்தமான தமிழ். ‘தினமும் காலையில் நடப்பேன்’ என்று நாம் சொல்லும்போது உருவம் எதிர்காலம், பொருள் வழக்கம். ‘சின்ன வயதில் நிறைய நடப்பேன்’ என்று போன காலத்துக்கும் அதே உருவத்தைப் போடுவோம், கேட்பவர் குழம்ப மாட்டார். ஆங்கிலத்தில் ‘வில்’ வைத்தால் அது இனிமேல் செய்யப்போவது. டாக்டர் நேற்றுத்தான் நடக்கச் சொல்லியிருக்கிறார் போல என்று போனில் இருந்தவர் நினைத்திருப்பார். பழக்கத்துக்கு வெறும் ‘ஐ வாக் எவ்ரி மார்னிங்’ போதும். விட்டுப்போன பழைய பழக்கத்துக்கு ‘ஐ யூஸ்ட் டு வாக்’.

நாலாவதும் தமிழ்தான். ‘ஜனவரியிலிருந்து தேடுகிறேன்.’ நமக்கு நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் அன்று தொடங்கி இன்றுவரை நீளும் வேலைக்கு ‘ஐ ஹாவ் பீன் லுக்கிங்’ வேண்டும். இது உங்கள் நோட்டில் இருக்கிறது, ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, 46 தடவை. பக்கத்தில் தமிழ் அர்த்தம் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்? ‘தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன்’ என்றுதானே? பல இலக்கணப் புத்தகங்களில் இப்படித்தான் போடுகிறார்கள். அப்படி எந்த மனிதராவது பேசிக் கேட்டதுண்டா? வாயில் வராத தமிழுக்கு எதிரே ஆங்கிலத்தை எழுதி வைத்தால், வேண்டிய நேரத்தில் அது எப்படி நினைவுக்கு வரும்? அடித்துவிட்டு ‘ஜனவரியிலிருந்து தேடுகிறேன்’ என்று எழுதுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சீக்கிரமே மாட்டுவீர்கள். ‘நேற்றே மெயில் அனுப்பியிருக்கிறேனே’ என்று நாம் சொல்வோம். அதை நம்பி ‘ஐ ஹாவ் மெயில்ட் யூ யெஸ்டர்டே’ என்றால் தப்பு. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹாவ்’ பக்கத்தில் நிற்காது. ‘ஐ மெயில்ட் யூ யெஸ்டர்டே.’ அவ்வளவுதான்.


மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

சார், ‘நடந்தேன் கொண்டேன் இருந்தேன்’ படித்ததும் 36 கட்டத்தை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மார்க் மார்க்தான்.


ஹெட்செட் எழுதியது:

சார் எழுத்தைப் பார்த்துக்கொண்டார், நான் ஒலியைப் பற்றிச் சொல்கிறேன். 6 வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு முகம் தெரியாதவர்களிடம் ஆங்கிலம் பேசிப் பிழைத்தவன். போனில் வாய் அசைவு தெரியாது, கடைசி ஒலி சரியில்லையென்றால் எதிராளி ‘சாரி?’ என்று திரும்பக் கேட்பார்.

அக்கா, உங்கள் ‘வாக்ட்’டை எப்படிச் சொல்கிறீர்கள்? நான் சேர்ந்த புதிதில் ‘வாக்கெட்’, ‘வாஷெட்’, ‘ஓப்பனெட்’ என்றுதான் சொல்வேன். ஸ்பெல்லிங்கில் இ, டி இரண்டும் இருக்கின்றன, நம் கண் இரண்டையும் படித்துவிடுகிறது. ஆனால் அந்த ‘இ’ பெரும்பாலும் ஊமை.

தொண்டையில் விரல் வைத்துப் பாருங்கள். ‘வாக்’கின் கடைசி ‘க்’ சொல்லும்போது விரலில் அதிர்வு இல்லை. அதனால் பின்னால் ஒட்டுவதும் அதிராத ட், ‘பட்டு’வில் வருகிற ட். வாஷ், ஃபினிஷ், ஸ்டாப், ஹெல்ப் எல்லாம் இந்தக் கட்சி. ‘ஓபன்’ சொல்லும்போது கடைசி ‘ன்’னில் விரல் அதிரும். அதனால் பின்னால் ‘வண்டி’யில் வருகிற ட. ப்ளே, கால், லிவ், கிளீன் இந்தப் பக்கம். நாம் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால் வித்தியாசம் கண்ணில் படாது, வாய்க்குத் தெரியும்.

வெர்ப்பே ட ஒலியில் முடிந்தால் மட்டும்தான் கூடுதலாக ஒரு அசை வரும்: வெயிட் என்பது வெயிட்டிட், நீட் என்பது நீடிட், ஸ்டார்ட் என்பது ஸ்டார்ட்டிட். காரணம் லேசானது. ‘வெயிட்’டுக்குப் பின்னால் இன்னொரு ‘ட்’டை அப்படியே ஒட்டினால் ஒட்டியது யார் காதுக்கும் கேட்காது.

பார்க்க வேண்டியது கடைசி ஒலியை, கடைசி எழுத்தை இல்லை. சிரிப்பதற்கான ‘லாஃப்’ எழுத்தில் எப்படி முடிந்தாலும் ஒலியில் ‘ஃப்’, அதனால் பட்டு ட். இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. படித்த பண்டிதர் என்ற பொருளில் ‘லேர்னிட்’ என்று இரண்டு அசையாகச் சொல்வார்கள். படித்தான் என்னும்போது அதே ஸ்பெல்லிங் ஒரே அசைதான். இதையெல்லாம் இன்டர்வியூவில் யாரும் கேட்கப்போவதில்லை.


சிவப்புமை எழுதியது:

ஹெட்செட் தம்பி பிரமாதமாகச் சொன்னார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒலியைப் பார்த்து ஒட்டு மாறுவது நமக்குப் புதிதில்லை. செய்தேன், உண்டேன், கற்றேன், ஓடினேன். த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலை நாலையும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம், ஆனால் பேசும்போது எதையாவது யோசிக்கிறோமா? ‘உண்’ணுக்குப் பின்னால் நாக்கு தானாக ட்டுக்குப் போய்விடுகிறது.

1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க மொழியியலாளர் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார். இல்லாத வெர்ப்பாக அவரே உண்டாக்கி, படத்தைக் காட்டி, ‘இந்த ஆளுக்கு ரிக் செய்யத் தெரியும், நேற்றும் அதையே செய்தார், நேற்று அவர் என்ன செய்தார்?’ என்கிற மாதிரி கேட்டார். முன்பின் கேட்டிராத சொல்லுக்குக் குழந்தைகள் ‘ரிக்ட்’ என்றார்கள். ஆனால் ‘மாட்’ என்று ட்டில் முடியும் சொல்லைக் கொடுத்தபோது நிறையப் பேர் தடுமாறினார்கள், ‘மாட்டிட்’ என்று நீட்ட வரவில்லை. ‘வெயிட்டிட்’ உங்களுக்கு வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம், அந்த மொழியில் பிறந்தவர்களுக்கும் கடைசியில் வருவது அதுதான்.


புதுநோட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘தேடிக்கொண்டு இருந்திருக்கிறேன்’ விஷயம் உண்மை சார். அப்படியே எழுதியிருந்தேன், 46 பக்கத்திலும். பென்சிலால் அடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ‘வாஷ்ட், ஓபன்ட், வெயிட்டிட்’ என்று முனகியதைப் பார்த்து, தொண்டை வலிக்கிறதா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஒரு ஸ்பெல்லிங் சந்தேகம். ‘ஸ்டாப்’புக்கு இ, டி சேர்த்தால் பி இரட்டிக்கிறது. ‘விசிட்’டுக்கு டி ஏன் இரட்டிக்கவில்லை? அப்புறம், புதிதாக 5 வாக்கியம் எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்.

டிட் யூ ரிசீவ் மை மெயில்?
டஸ் த ஷிஃப்ட் ஸ்டார்ட் அட் நைன்?
ஐ வாக் எவ்ரி மார்னிங்.
ஐ ஹாவ் பீன் லுக்கிங் ஃபார் எ ஜாப் சின்ஸ் ஜனவரி.
மை டாட்டர் ஹெல்ப் மீ எவ்ரி டே.


சிவப்புமை எழுதியது:

ஸ்பெல்லிங்குக்கு முதலில். உயிரெழுத்து ஒன்று, அதன் பின் மெய் ஒன்று, அந்த அசையில் அழுத்தமும் விழுகிறது என்றால் மெய் இரட்டிக்கும். ‘ஸ்டாப்’ ஒரே அசை, அழுத்தம் வேறெங்கே போகும்? ‘விசிட்’டில் அழுத்தம் ‘வி’யில், அதனால் கடைசி டி சும்மா இருக்கிறது. ‘ப்ரிஃபர்’ என்பதில் அழுத்தம் பின்னால், அங்கே ஆர் இரட்டிக்கும். ‘ட்ராவல்’ மட்டும் இரண்டு விதமாகக் கண்ணில் படும். பிரிட்டிஷ் வழக்கில் எல் இரட்டை, அமெரிக்க வழக்கில் ஒற்றை, எதை எழுதினாலும் ஒரே பக்கத்தில் மாற்றாதீர்கள். ‘ஸ்டடி’ மாதிரி மெய்க்குப் பின் ஒய் வந்தால் அது ஐ ஆகிவிடும். ‘ப்ளே’யில் ஒய்க்கு முன் உயிரெழுத்து இருப்பதால் ஒய் அப்படியே. ஆனால் ‘ஸ்டடியிங்’ எழுதும்போது ஒய்யைத் தொடாதீர்கள். நான் திருத்திய தாள்களில் அதிகம் அடித்தது அதைத்தான்.

முதல் நாலு வாக்கியமும் சரி. ஐந்தாவதில் டிட், டஸ், ஹாவ் என்று முன்னால் யாரும் இல்லை. அப்படியென்றால் ‘ஹெல்ப்’தான் முதல் சொல், சுமை அதன் தலையில்தான் ஏறும். ‘மை டாட்டர் ஹெல்ப்ஸ் மீ.’ இல்லை என்று மாற்றிச் சொன்னால் ‘டசன்ட்’ முன்னால் வந்து எஸ்ஸை வாங்கிக்கொள்ளும், ‘ஹெல்ப்’ மறுபடி வெறுங்கையோடு நிற்கும். மீதி 34 பக்கத்துக்கு வேலை இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வெர்ப் வேண்டாம், போனில் உங்களிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதுங்கள். கீழே பதிலை முதலில் நீங்கள் வாயால் சொல்கிற தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில். காகிதத்தோடு பெண்ணைப் பக்கத்து அறையில் உட்காரவையுங்கள்.